தோணிப் பலகைக் கதவு

உப்பளத்துக்குப் போகிற சாலையில், கடைசி பஸ் நிறுத்தத்தையும் தாண்டி, கடல் கண்ணுக்குத் தெரியாத ஆனால் கடலின் ஈரம் எந்நேரமும் சுவர்களில் ஊறிக்கொண்டிருக்கிற ஒரு தெருவில், பொன்னுத்தாய் வீட்டு வாசல் கதவு பொய் சொல்கிறவர்களை வெளியே விடாது. உள்ளே வருகிறவர்களை அது ஒருநாளும் தடுத்ததில்லை. யார் தள்ளினாலும் திறக்கும், கோழி தள்ளினாலும் திறக்கும். வெளியே போகும்போதுதான் சங்கதி. அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டிலிருந்து கிளம்புகிற யாரும் 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். அது சாகப்போகிறவர்களும் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்களும் சொல்கிற சொல். மற்ற எல்லாரும், பால்காரரிலிருந்து பந்தல்காரர் வரைக்கும், 'வாரேன்' என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள். ஊரில் உள்ள மற்றக் கதவுகள் எல்லாம் அதைக் கேட்டும் கேட்காததுபோல் விட்டுவிடும். பொன்னுத்தாய் வீட்டுக் கதவு மட்டும் அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. வரப்போகிறவர் சொன்னால் திறந்தது, வராதவர் சொன்னால் அசையாமல் நின்றது, ஒன்றுமே சொல்லாமல் நழுவப் பார்த்தவர்களுக்கும் அசையாமல்தான் நின்றது.

இது தெரியவந்தது ஒரு தேர்தல் சமயத்தில். ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளர் வீட்டுக்குள் வந்து, பொன்னுத்தாய் கொடுத்த மோரைக் குடித்து, உப்பு வாரி வாரி வெடித்துப்போன அவளுடைய கைகளைத் தன் கைகளில் பிடித்துப் போட்டோ எடுத்துக்கொண்டு, “வாரேம்மா, நம்ம சின்னத்த மறந்துராதிய” என்று சொல்லிக் கதவை இழுத்தார். வரவில்லை. வெளியே நின்ற தொண்டர்கள் தள்ளித் திறந்துகொண்டு உதவிக்கு ஓடிவந்தார்கள். கதவு அவர்களையும் உள்ளே விட்டுவிட்டு அவர்களுக்குப் பின்னால் சாத்திக்கொண்டது. பின்வாசல் இருக்கிறது என்று பொன்னுத்தாய் சொன்னாள். பின்வாசல் வழியாகப் போகிற வேட்பாளர் ஜெயிக்க மாட்டார் என்று ஜோசியர் சொல்லியிருப்பதாகத் தொண்டர்கள் சொன்னார்கள். வெயில் ஏறி, மோர்ப்பானை காலியாகி, எல்லாரும் வியர்த்து உட்கார்ந்திருந்தபோது பொன்னுத்தாய் சும்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

“அய்யா, ஜெயிச்சா இந்தப் பக்கம் வருவியளா?”

“ஜெயிச்சா எப்பிடிம்மா வர முடியும்?” என்றார் அவர், களைப்பில்.

“அப்பம் தோத்தா?”

“தோத்தா எதுக்கு வரணும்?”

கதவு தானாகத் திறந்துகொண்டது.

தெரு முதலில் சிரித்தது, பிறகு பயந்தது, பிறகு பழகிக்கொண்டது. ஏன் இப்படி என்று யாரும் அதிகம் கேட்கவில்லை. அது பழைய தோணி ஒன்றை உடைத்தபோது வாங்கிய பலகையில் செய்த கதவு என்பதால், போனால் திரும்பி வந்தாக வேண்டும் என்பது அதற்குத் தெரியும் என்று ஒருவர் சொன்னார், மற்றவர்கள் சரிதான் என்று விட்டுவிட்டார்கள். துபாய்க்குப் போகிற பிள்ளைகளை அங்கே அழைத்துவந்து ஒரு காப்பி கொடுத்து உட்காரவைத்து, அந்த வாசல் வழியாகக் கிளம்பவைத்தார்கள். அடுத்த வீட்டுச் சொர்ணம், திருப்பூருக்கு வேலைக்குப் போன தன் புருஷனை அந்த வழியாகத்தான் அனுப்பினாள். அவன் வாயிலிருந்து 'வாரேன்' என்ற சொல் விழுந்ததும் கதவு திறந்து சுவரில் மோதிய சத்தத்தை நினைத்துக்கொண்டே அவள் பல ராத்திரிகள் நிம்மதியாகத் தூங்கினாள். வெள்ளிக்கிழமைகளில் கதவுக்குக் குங்குமமும் வைத்தாள். சீட்டுப் பிடிக்கிறவர்களும் பெண் பார்க்க வருகிறவர்களும் அந்த வீட்டுக்குள் வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

அதே தெருவிலிருந்து கல்யாணமாகிப் போன செல்வராணி விஷயத்தில்தான் தெருவுக்குக் கொஞ்சம் குழப்பம் வந்தது. மறுவீடு முடிந்து அவளையும் அந்த வாசல் வழியாக அனுப்பலாம் என்று கூட்டிவந்தார்கள். அவள் அழுதுகொண்டே “வாரேன்” என்றாள். கதவு ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்து, அதோடு நின்றுவிட்டது. பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை வேர்த்துப்போனார். சொர்ணம்தான் அதற்கு அர்த்தம் சொன்னாள்: “விருந்தாளியா வாறது வேற, வாறது வேற. அவ பாதிதான் வருவா. அது பாதி திறந்திருக்கு. இதுல அழ என்ன இருக்கு?” ஆனால் எல்லாரும் அழுதார்கள். செல்வராணி கடைசியில் பின்வாசல் வழியாகத்தான் போனாள்.

அதற்குப் பிறகு தெருவின் பேச்சே மாறிப்போயிற்று. அந்த வீட்டுக்குள் இருக்கும்போது யாரும் உறுதியாக எதுவும் சொல்வதில்லை. “பாப்போம்” என்றார்கள், “இருக்கட்டும்” என்றார்கள், “நேரம் வரட்டும்” என்றார்கள். பின்வாசலில் இருந்த துருப்பிடித்த தகரக் கதவுக்கு எந்தக் கொள்கையும் கிடையாது. கம்பியை அவிழ்த்தால் திறக்கும். அதனால் பின்னால் கருவேலமுள்ளுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்து, அது முன்வாசல் பாதையைவிட அகலமாகிக்கொண்டே வந்தது. நல்ல காரியத்துக்குக் கிளம்புகிறவர்கள் மட்டும் அதில் கால்வைக்க மாட்டார்கள்.

பொன்னுத்தாயின் மகள் சந்தனமாரி இந்தக் கதவு வழியாகத்தான் கல்லூரிக்குப் போய் வந்தாள். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். வேதியியல் படித்தாள். பஸ்ஸின் பலகையைப் படித்த பிறகும் கண்டக்டரிடம் ஒருதரம் கேட்டுக்கொள்வாள். அடுப்பை அணைத்துவிட்டு வாசல் வரை வந்து திரும்பிப் போய்ப் பார்ப்பாள். தினமும் காலையில் “வாரேன்” என்று சொல்லிக் கதவு திறந்ததும் அவளுக்குப் பரீட்சையில் பாஸானதுபோல் இருக்கும். தினமும் திறந்தது. தினமும் சாயங்காலம் அவள் வந்தாள்.

இப்போது சென்னையில், தண்ணீரைப் பரிசோதிக்கிற ஒரு ஆய்வகத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தெரு முழுக்கச் சந்தோஷப்பட்டது. பொன்னுத்தாய் உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி நின்று சொன்னாள். அந்த வருஷத்து மழைக்குத்தான் கதவும் தளர்ந்துபோயிற்று.

கீழ்ப்பக்கம் உளுத்து, பலகை பிட்டு மாதிரி உதிர்ந்தது. மேல் கீல் துருவேறித் தொங்கியதால் கதவு தரையை உரசிக்கொண்டு, கிழட்டு மாடு மாதிரி முனகிக்கொண்டு வந்தது. வாடைக்காற்றில் மழை அடித்தால் தண்ணீர் நேராகக் கட்டிலுக்கடியில் வந்து நின்றது. ஒருநாள் அந்த ஓட்டை வழியாக ஒரு சாரைப்பாம்பு உள்ளே வந்து அரிசிப்பானைக்குப் பின்னால் சுருண்டு படுத்துவிட்டது. பாம்பு “வாரேன்” என்று சொல்லாமலே வந்த ஓட்டை வழியாகப் போனதால், கதவில் இப்போது பலமில்லை என்று தெரு முடிவுசெய்தது.

“புதுக்கதவு மாத்திருவோம்மா” என்றாள் மாரி. “நான் போன பெறவு நீ ஒத்தையில இருப்ப. தாழ்ப்பாள் ஒழுங்கா விழணும்லா.”

“ரிப்பேர் பாத்தாப் போதும்ளா. தோணிப் பலக. இப்பம் இந்த மாதிரி மரம் எங்க கெடைக்கு?”

“கீழ ஒண்ணுமே இல்லம்மா.”

“மேல இருக்குல்லா.”

இருவரும் சொன்னது உண்மைதான். ஆனால் இருவரும் சொல்லாதது வேறு. மாரி சென்னைக்குப் போனால் திரும்பி வந்து அந்த வீட்டில் இருக்கப்போவதில்லை. ஏதாவது பண்டிகைக்கு வருவாள், இரண்டு நாள் இருப்பாள், அவ்வளவுதான் என்பதை அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, தனக்கே ஒருதரம்தான் சொல்லியிருந்தாள், அதுவும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது. அங்கே போய் ஒரு வீடு பிடித்து அம்மாவையும் அழைத்துக்கொள்ள வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. “நீயும் வந்துரும்மா” என்று பல தடவை கேட்டிருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் பொன்னுத்தாய் கதவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாப்போம்” என்றாள்.

கதவைப் பார்க்கக் கொம்பையா ஆசாரி வந்தார். உளியின் காம்பால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறிய இடத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார். “இதுக்குக் கீழ செத்துட்டு. இதுக்கு மேல உசுரு இருக்கு. அறுத்துட்டு ஒட்டுப் போட்டா இன்னொரு தலமுற ஓடும்.” பஜாரில் கதவுக்கடை வைத்திருக்கிற கென்னடியும் வந்தான். “அண்ணாச்சி, ஒட்டுப் போட்ட கதவ நம்பி வீட்ட விடச் சொல்லுதியளா? பைபர் கதவு போடுங்க. உப்புக்காத்து நக்கிப் பாத்துட்டுப் போயிரும், ஒண்ணும் பண்ண முடியாது” என்றான். “அதுக்குக் காது கேக்குமாடே?” என்று ஆசாரி கேட்டார். “கதவுக்கு எதுக்கு அண்ணாச்சி காது?” என்றான் கென்னடி. கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள், ஆனால் பாதிப் பேர் அவன் சொன்னதையும் யோசித்தார்கள்.

தெருவுக்கு வேறு கவலை இருந்தது. கீழே முக்கால் அடியை அறுத்தால் கதவின் புத்தி போய்விடுமா? புத்தி மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? கீலில்தான் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். கீலை மாற்றாதீர்கள் என்றார் இன்னொருவர். “என் வீட்டுக்காரரு அடுத்த மாசம் திரும்பவும் போவணும், அதுவரைக்கும் யாரும் அதுல கைவைக்கக் கூடாது” என்று சொர்ணம் கதவுக்கு முன்னால் நின்றுகொண்டாள்.

மாரி ரிப்பேர், புதுக்கதவு இரண்டையும் எழுதிப் பார்க்காமல் மனதுக்குள்ளேயே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். கணக்கு எங்கே சுற்றினாலும் ஒரே இடத்தில் வந்து நின்றது. தான் கிளம்புகிற நாளில், தெருவே கூடி நிற்க, அம்மா திருநீறு பூசிவிட்ட பிறகு, தான் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும்.

ஒரு மத்தியானம், பொன்னுத்தாய் உப்பளத்துக்குப் போயிருந்தபோது, மாரி கதவைச் சாத்திவிட்டு அதற்கு நேரே நின்றாள். முதலில் சும்மா நின்றாள். பிறகு சென்னைக்குக் கிளம்புகிறதாக நினைத்துத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “வாரேன்” என்றாள். இழுத்தாள். கதவு அசையவில்லை. கீல் துருப்பிடித்ததால் இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் விட்டாள். “வாரேம்மா” என்றாள். அசையவில்லை. “போய்ட்டு வாரேன்” என்றாள், வகுப்பில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. “கண்டிப்பா வாரேன்.” “லீவு கெடைக்கும்போதெல்லாம் வாரேன்.” கல்லூரியில் உப்புகளைச் சோதித்தபோது ஒரு கரைசல் வேலைசெய்யாவிட்டால் அடுத்ததை ஊற்றிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையாகச் சோதித்துப் பார்த்தாள். கடைசியில் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு, சின்னக் குரலில், “தீவாளிக்கு வாரேன்” என்றாள்.

கதவு முனகிக்கொண்டு, ஒரு கை நுழைகிற அளவுக்குத் திறந்தது.

அந்த இடைவெளியில், வெளியே, உப்புப் பூத்து வெளுத்த இரண்டு பாதங்கள் நின்றன. மழை மேகத்தைப் பார்த்துக் கங்காணி அன்றைக்குச் சீக்கிரமே வேலையை நிறுத்தியிருந்தார். பொன்னுத்தாய் தலைச்சும்மாட்டைக்கூட இறக்காமல், தள்ளுவதற்குத் தூக்கிய கை தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று மாரி கேட்கவில்லை.

“ஏளா, குடிக்கத் தண்ணி கொண்டா” என்றாள் பொன்னுத்தாய். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். தண்ணீரைக் குடித்தாள். முகம் கழுவினாள். கருவாட்டுக் குழம்பு வைத்து, மகளுக்கு நடுத்துண்டைப் போட்டாள்.

மறுநாள் வேலையிலிருந்து வருகிற வழியில் அவளே பஜாருக்குப் போய்க் கென்னடியிடம் பைபர் கதவு சொல்லிவிட்டு வந்தாள்.

தெரு சும்மா இருக்கவில்லை. சொர்ணம் மூச்சிரைக்க வந்து நின்றாள். “என்ன மதினி, கிறுக்கா பிடிச்சிருக்கு? ஊருக்கே சத்தியம் பேசுற கதவு. அதப் போயி...”

“ஊருக்குப் பேசட்டும். நீ வேணும்னா ஒன் வீட்டுல மாட்டிக்க.”

“ஏன், நானா? எங்கிட்டயா?” சொர்ணம் ஒரு நிமிஷம் தன் வீட்டில் தினமும் சொல்லப்படுகிறவற்றை எல்லாம் நினைத்துப் பார்த்துவிட்டு, “அது இங்க இருந்தாத்தான் அழகு” என்றாள்.

சொர்ணம் போன பிறகு மாரி அம்மாவிடம் வந்து நின்றாள். “நீதானம்மா ரிப்பேர் போதும்னு சொன்ன.”

பொன்னுத்தாய் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். “ஒங்கப்பா லாரில ஏறுறப்ப வாரேன்னுதான் சொல்லிட்டுப் போனாவ. அப்பம் இந்தக் கதவுக்குக் காது கெடயாது, அது பாட்டுக்குத் திறந்துச்சு. அவிய வரல. அந்தச் சொல்லு பொய்யாப் போச்சு. ஆனா எங்கிட்ட இருக்குல்லா, இத்தன வருசமா? அதுவும் இல்லன்னா என்ன வச்சிருந்திருப்பேன்?” அவள் ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். “நீ நல்ல வார்த்த சொல்லிட்டுப் போணும். பொய்யோ நெசமோ. அதச் சொல்லவிடுற கதவு எனக்கு வேணும்.”

மாரி, பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தாள். அதற்கு அடுத்த வரி என்ன என்று யோசித்து, வாயை மூடிக்கொண்டாள்.

பைபர் கதவு வந்தது. தேக்கு மாதிரி நிறம், பித்தளை மாதிரி கைப்பிடி. கொம்பையா ஆசாரியே அதை மாட்டினார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பழைய கதவைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை. சுண்ணாம்புக் கோட்டில் அறுத்தார், செத்த பாகம் தூளாகக் கொட்டியது. ஒட்டுப் போடாமலேயே, மீதியைப் பின்வாசல் நிலைக்கு வைத்துப் பார்த்தார்; பின்வாசல் குட்டையானது, சரியாக இருந்தது. தகரக் கதவைக் கழற்றிவிட்டு அதை அங்கே மாட்டினார். அதற்கு இன்னும் காது கேட்கிறதா என்று சோதித்துப் பார்க்க யாரும் முன்வரவில்லை. ஆசாரிகூட வேலை முடிந்து, முன்வாசல் வழியாகத்தான் போனார்.

கிளம்புகிற நாள் வந்தது. தெரு முன்வாசலில் கூடியிருந்தது. பொன்னுத்தாய் மகளுக்குத் திருநீறு பூசினாள். மாரி புதுக்கதவுக்கு முன்னால் நின்று, “வாரேம்மா” என்றாள். கைப்பிடியைத் தொட்டாள். கதவு சத்தமே இல்லாமல் திறந்தது. அது யாருக்கும் அப்படித்தான் திறந்திருக்கும். அவள் வெளியே காலை வைத்தாள், எதிரே சொர்ணம் சிரித்துக்கொண்டே நின்றாள், பஸ்ஸுக்கு நேரம் இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அடுப்பை அணைத்தோமா என்று தோன்றுமே, அந்த மாதிரி ஒன்று அவளைப் பிடித்து இழுத்தது.

அவள் திரும்பி உள்ளே போனாள்.

“ஏட்டி, கிளம்பிட்டுத் திரும்பக் கூடாது!” என்று வெளியே கத்தினார்கள். அவள் கூடத்தைக் கடந்து, அடுப்படியைக் கடந்து, பின்வாசலுக்குப் போய் நின்றாள். “பின்னால போவாதட்டி! விளங்காது!” என்று சொர்ணம் ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே அந்தச் சின்ன அடுப்படிக்குள் வந்து நெருக்கியடித்துக்கொண்டு நின்றது.

பழைய கதவு இப்போது குட்டையாக, மாரியின் தலைக்கு நேராக முடிந்தது. பலகையில் சொர்ணம் வைத்த குங்குமம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் கொண்டியில் கைவைத்தாள். தனக்கு மிச்சமிருக்கிற ஒரே உண்மையான சொல் எது என்று அவளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் கதவு திறந்துவிடும் என்றும் தெரியும். அதைக் கேட்டுக்கொண்டு அம்மா எப்படி நிற்பாள் என்பதுதான் தெரியவில்லை. 'போ' என்கிற எழுத்து வரைக்கும் உதடு குவிந்தது. அதற்குமேல் வரவில்லை. மறுபடியும் குவித்தாள்.

“நான் ஒங்கூட வாரேன்.”

குரல் அவளுக்குப் பின்னாலிருந்து வந்தது. பொன்னுத்தாய் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மகள் தோளிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்தது. ஒரு கை நுழைகிற அளவுக்கு அல்ல. முனகாமல், உரசாமல், பின்னால் நகரக்கூட இடமில்லாமல் நின்றிருந்தவர்களை ஒதுக்கிக்கொண்டு, சுவரில் போய் மோதி, அப்படியே நின்றது. வெளியே கருவேலமுள்ளுக்கு நடுவே அத்தனை பேர் நடந்து நடந்து அகலமாக்கிய பாதை வெயிலில் வெளுத்துக் கிடந்தது.

அடுப்படிக் கூட்டம் கழுத்தை நீட்டி வெளியே பார்த்தது.

“எங்க வாற மதினி?” என்று சொர்ணம்தான் கேட்டாள். “பஸ் ஸ்டாண்டு வரைக்குமா?”

பொன்னுத்தாய் குனிந்து வாசலைத் தாண்டினாள். அந்த வீட்டிலிருந்து நல்ல காரியத்துக்குத் தானாக விரும்பி அந்தப் பாதையில் காலெடுத்து வைத்த முதல் ஆள் அவள்தான். இரண்டடி போய்த் திரும்பி, “வாளா, பஸ்ஸு போயிரப் போவுது” என்றாள். மாரி ஓடினாள்.

சொர்ணம் பின்வாசலில் நின்று, சுவரோடு ஒட்டித் திறந்து கிடந்த கதவைக் கையை விரித்து அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தான்னா,” என்று அவள் யாரிடமோ கேட்டாள், “இம்புட்டு அகலத்துக்கு எதுக்குத் திறக்குது?”